லிப்ட் நின்ற நாள்

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து கொஞ்சமாவது நடக்கிறாளா?

'எல்லோரும்' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? போன மாதம் வரை 'இருவரும்' என்றுதான் எழுதுவேன். பொடிசு வந்துவிட்டாள். ஏழு வயது. பெற்றவர்கள் இல்லை. இதற்குள் நான்கு வீடு பார்த்துவிட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் "கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். திரும்பி வரவில்லை. குழந்தைகள் நல அலுவலகத்தில் நான்கு மாதம் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மே மாதக் கடைசியில் கையெழுத்து.

வந்த மூன்றாம் நாளே உங்கள் மருமகனின் ஒரு செருப்பைக் காணோம். நான்காம் நாள் என்னுடையது. இரண்டும் அவள் படுக்கைக்கு அடியில் இருந்தன. ஏன் என்று கேட்டேன். யாரும் வெளியே போய்விடக் கூடாதாம், அவ்வளவுதான் விஷயம்.

எட்டு வயதில் என்னை நீங்கள் கூட்டிவந்தபோது நானும் இப்படித்தான் படுத்தியிருப்பேன். எப்படி அப்பா சமாளித்தீர்கள்? ஒரு நாளாவது என்னைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றியதுண்டா? மறைக்காமல் எழுதுங்கள்.

மேல் வீட்டுப் போனில் இதையெல்லாம் பேச முடியாது. நான் ஒரு வார்த்தை பேசினால் அந்த வீடே காது கொடுத்துக் கேட்கும். ஆகவே கடிதம்தான்.

அன்பு மகள்

---

பிப்ரவரி 14

அன்பு மகள் டார்ச்சுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் பாட்டுக்கு லிப்ட் ரிப்பேருக்குப் போய்வருகிறேன்.

வழக்கம்போல உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். துணியில் வைத்த கண்ணை எடுக்க அவளுக்கு எங்கே நேரம். செருப்பு ஒளித்த இடம் வந்ததும் மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

செருப்பைப் பூட்டி வைக்காதே. ஒளிக்கட்டும். நீங்களும் சேர்ந்து தேடுங்கள், விளையாட்டாகிவிடும். நீ வந்த புதிதில் தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றுதான் சாப்பிடுவாய். உன் அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள், நீ அசையவில்லை. சரி என்று அவளும் தட்டோடு வாசலுக்கு வந்தாள். நானும் வந்தேன். பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி மூன்று பேரும் ஒரு மாதம் நின்றுகொண்டே சாப்பிட்டோம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். கடைசியில் கால் வலித்து நீதான் முதலில் உள்ளே போய் உட்கார்ந்தாய்.

மாப்பிள்ளையிடம் இரண்டாவது ஜோடி வாங்கச் சொல். வேறு விசேஷம் இல்லை.

அப்பா

---

மார்ச் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

மூவரும் நலம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஜோடி வாங்கினோம். அவளுக்கு வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம். திங்கட்கிழமை ஒன்று அரிசி டப்பாவில் கிடைத்தது. புதன்கிழமை அவள் புத்தகப் பைக்குள்ளேயே ஒன்று. அந்தச் செருப்பு அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் படித்துவிட்டு வந்தது. இவர் காலில் ஒன்று கறுப்பும் ஒன்று பழுப்புமாகப் பஸ் டிப்போவுக்குப் போய் நின்றிருக்கிறார். "பிரேக்குக்கு ஒரு கலர், கிளச்சுக்கு ஒரு கலரா அண்ணே?" என்று கண்டக்டர் கேட்டாராம். டிரைவர் வேலையில் இத்தனை வருஷமாகச் சம்பாதித்த மரியாதை ஒரே காலையில் போயிற்று.

நான் லேப்பில் பல்செட் செய்வதால் என்னைப் 'பல்லு அக்கா' என்கிறாள். இவர் 'பஸ் அண்ணன்'. புருஷன் பெண்டாட்டியை அக்கா அண்ணனாக்கிவிட்டாள், யாரிடம் போய்ச் சொல்வது? உங்களை ஒன்றரை மாதம் 'லிப்ட்காரரே' என்று கூப்பிட்டவள் நான். வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. எனக்குப் பதில் தெரியும் என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. அம்மா தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைச் சட்டைகள் பதினொன்றையும் கத்தரித்துப் போட்டேனே, நினைவிருக்கிறதா? அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை என் துணிகளையெல்லாம் மடித்து ஒரு பையில் வைத்துக் கொடுத்தாள். நீங்கள் என்னைப் பஸ்ஸில் ஏற்றி வேலை இடத்துக்குக் கூட்டிப் போனீர்கள். ஏதோ பெரிய கட்டடம். லிப்ட் பாதியில் நின்றிருந்தது, உள்ளே நான்கு பேர். என்னிடம் டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னீர்கள். மூன்று மணி நேரம் கை ஆடாமல் பிடித்தேன். அன்றிலிருந்து எனக்கு இந்தப் பெயர். தப்புச் செய்த பிள்ளையை ஊர் சுற்றக் கூட்டிப்போன வீடு உலகத்திலேயே நம் வீடு ஒன்றுதான்.

எனக்குப் பிறந்த நாள் எதுவென்று தெரியாது. யாராவது கேட்டால் மனசுக்குள் அந்த நாளைத்தான் நினைத்துக்கொள்வேன், அப்பா. என் வாழ்க்கையிலேயே அதுபோல் சந்தோஷமான நாள் அதற்கு முன்னால் வந்ததில்லை.

இருந்தாலும் கேட்கிறேன். அலுப்பு வந்ததே இல்லையா?

மகள்

---

மார்ச் 28

அன்பு மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல். ஆஸ்பத்திரி லிப்டுக்கு ரோப் மாற்றும் வேலை. இரண்டு வாரம் தலை நிமிர நேரமில்லை. பதில் தாமதம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வெயில் ஏறிவிட்டது. பொடிசை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல். நீ கேட்ட மற்ற விஷயம் நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

அப்பா

---

ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலம்தானே? இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குப் பல்செட் செய்திருந்தேன். அடுத்த நாள் அவர் மேடையில் பேச வேண்டும். லேப்பில் கரண்ட் இல்லை, பாலிஷ் போட வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அது என் தப்பு. காலையில் கிளம்பும்போது பார்த்தால் காணோம். பொடிசு அதைச் சன்னல் வழியாகச் சாக்கடையில் போட்டிருக்கிறாள். "பல்லு இல்லேன்னா நீங்க வேலைக்குப் போக மாட்டீங்கல்ல?" என்றாள்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "இப்படியே பண்ணிட்டிருந்தா உன்னத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுடுவேன்" என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை அப்பா. உள்ளே போனாள். எங்கெங்கோ ஒளித்துவைத்திருந்த செருப்பையெல்லாம் எடுத்து வந்தாள். ஒரு மாதமாகத் தேடிக் கைவிட்டதுகூட அதில் இருந்தது. தன் சட்டையாலேயே ஒவ்வொன்றையும் துடைத்து, வாசலில் ஜோடி ஜோடியாக அடுக்கினாள். தன் துணிப் பையையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். "எல்லாச் செருப்பும் இருக்கு. போலாம்" என்றாள்.

திருப்பி அனுப்புகிற அந்த வார்த்தையை நீங்களும் அம்மாவும் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் மூன்றே மாதத்தில் சொல்லிவிட்டேன்.

மகள்

---

ஏப்ரல் 24

அன்பு மகள் டார்ச்சுக்கு,

கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். முதலில் பொடிசிடம் மன்னிப்புக் கேள். சுற்றி வளைக்காமல், "நான் சொன்னது தப்பு" என்று சொல். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பல்லை மறுபடி செய்துகொள்ளலாம், அது உன் கை வேலைதானே. சாப்பிடாமல் இருக்காதே. நீ சாப்பிடாவிட்டால் அவளும் சாப்பிட மாட்டாள்.

எங்களை அவ்வளவு உயரத்தில் வைத்துப் பேசாதே. லிப்டே நின்றுபோகிறது, நாங்கள் எம்மாத்திரம்.

இதற்கு மேல் இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே.

அப்பா

---

ஏப்ரல் 29

அன்புள்ள அப்பா, அம்மா,

நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. நன்றாகவே அடித்திருக்கிறீர்கள்.

மன்னிப்புக் கேட்டேன். சரி என்று தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து அவள் எதையும் ஒளிப்பதில்லை. எல்லாச் செருப்பும் அதனதன் இடத்தில் இருக்கிறது. தினமும் அதைக் குனிந்து பார்க்காமலே மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். சொன்னதைக் கேட்கிறாள், வைத்ததைச் சாப்பிடுகிறாள், விருந்தாளி மாதிரி நடந்துகொள்கிறாள்.

இந்தப் பிள்ளைக்கு உங்களைப் போல அலுக்காத அப்பா அம்மா வேண்டும். என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. கையெழுத்து வரைக்கும் இழுக்க வேண்டாம், மே ஒன்பதாம் தேதியே அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். இவர் கூடாது என்கிறார். "நீ அவள வளர்க்கல, உங்க அம்மா அப்பாவோட போட்டி போட்டுட்டிருக்க" என்று சண்டை. அவருக்கு என்ன தெரியும், அவர் உங்களிடம் வளர்ந்தவரா?

மகள்

---

மே 2

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. நான் நலம். உன் அப்பாவும் நலம்தான், என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைத் தவிர.

மெஷினில் ஒரு திருகாணி கழன்றது. ஸ்க்ரூடிரைவர் எடுக்க அவர் டூல் பெட்டியைத் திறந்தால், அடித்தட்டில் உன் கடிதங்கள். எடுத்துப் படித்தேன். இத்தனை நாளும் அவர் எனக்குப் படித்துக் காட்டியது பாதிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. நீ கேட்ட கேள்வி வருகிற இடத்தையெல்லாம் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறார். பல்லைச் சாக்கடையில் போட்டதுகூட எனக்குச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாராம்.

கேட்டுக்கொள். திருப்பி அனுப்பிவிடலாம் என்று தோன்றியதா என்றாயே. தோன்றியதோடு நிற்கவில்லை. அனுப்பினேன்.

நீ வந்து நாற்பத்துமூன்றாம் நாள் அந்தப் பதினொரு சட்டையையும் கத்தரித்தாய். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம் சொல்லவில்லை. அன்று ராத்திரி உன் அப்பாவிடம், "என்னால முடியல, காலைல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுங்க" என்றேன். அவர் எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை. காலையில் உன் துணியை மடித்துப் பையில் வைத்தது ஊர் சுற்ற இல்லை கண்ணு. அந்தப் பெரிய கட்டடம்தான் குழந்தைகள் நல அலுவலகம். உன்னை இல்லத்திலிருந்தே கூட்டிவந்தோம், நீ அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை, அதனால் தெரியவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் டூல் பையோடு போகிற மனுஷர், அன்றைக்கும் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனார்.

நீங்கள் தெருமுனை திரும்பினதும் மெஷினில் வந்து உட்கார்ந்தேன். கால் மிதிக்க மாட்டேன் என்றது. வெட்டிக் கிடந்த துணியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் புத்தியில் உறைத்தது. நீ வந்த நாளிலிருந்து காலையிலும் மாலையிலும் உன் கண் முன்னால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தைத்துக்கொண்டிருந்தேன். உனக்கென்று ஒரு கைக்குட்டைகூடத் தைக்கவில்லை. அந்தக் கிழிசலையெல்லாம் சேர்த்து உனக்கு ஒரு சட்டை தைக்க ஆரம்பித்தேன். அளவு எடுக்க நீ இல்லை. கண்ணளவில் தைத்தேன். யாருக்கு என்று தைக்கிறாய் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் வாசலில் உன் குரல். பையோடு வந்து நின்றீர்கள். "என்னாச்சு?" என்றேன். "லிப்ட் ரிப்பேர்" என்றார் உன் அப்பா. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சட்டை உனக்குத் தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. நீ இரண்டு நாள் கழற்றவில்லை.

அலுக்காத அம்மா என்று ஒருத்தியை நீயாக ஜோடித்து வைத்திருக்கிறாய். அவளை நானும் பார்த்ததில்லை. நீ ஒரு வார்த்தைதான் சொன்னாய், நான் பஸ்ஸே ஏற்றிவிட்டேன். இப்போது சொல், யார் மோசம்?

கோபம் வந்தால் என்னைத் திட்டி எழுது. ஆனால் ஒன்பதாம் தேதி எங்கேயும் போகாதே.

அம்மா

---

மே 7

என் அம்மாவுக்கு,

நலம். நிஜமாகவே நலம். நீங்கள் இருவரும் சண்டை போடாமல் இருக்கிறீர்களா?

உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். அப்புறம் சிரித்தேன். அப்புறம் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். இவர் பயந்துபோய் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து நின்றார். உன் மேல் கோபம் வருமா என்று காத்திருந்து பார்த்தேன் அம்மா, வரவில்லை. இத்தனை வருஷம் உன்னைச் சாமியாக்கித் தள்ளி வைத்திருந்தேன். நேற்றுத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

பொடிசை மடியில் இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையை வெட்டியது, பஸ் ஏறியது, எல்லாம்.

"உங்களயே திருப்பிக் குடுக்கப் போனாங்களா?"

"ஆமா."

"அப்புறம்?"

"லிப்ட் நின்னுபோச்சு. திரும்பி வந்துட்டோம்."

அப்புறம் உதடு பிதுங்கியது. வந்ததிலிருந்து முதல்முறையாக அழுதாள். "நம்ம ஆபீஸ்ல லிப்டே இல்லயே, படிதானே இருக்கு" என்றாள்.

"அவ்ளோ படி என்னால ஏற முடியாது, மூச்சு வாங்கும். அதனால அந்தப் பேச்சே இல்ல" என்றேன். நம்பலாமா வேண்டாமா என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

இன்று காலை என் செருப்பு இரண்டையும் காணோம். இவருடையது நான்கையும் காணோம். நான் வெறுங்காலோடு லேப்புக்குப் போனேன் அம்மா, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே.

உன் மகள்

---

மே 14

அன்பு மகள் டார்ச்சுக்கு,

நாங்கள் நலம். உன் அம்மா இப்போது என்னைப் படிக்க விடுவதில்லை. தானே பிரித்துப் படித்துவிட்டு எனக்குப் பாதி சொல்கிறாள். பழிக்குப் பழி.

அந்த நாளைப் பற்றி நீ ஆசை ஆசையாக எழுதியிருந்தாய். அதை எப்படி உடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவையும் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அடித்த இரண்டு வரி அதுதான்.

அவளுக்கே தெரியாத ஒன்றை நான் சொல்கிறேன். உன்னைத் திரும்ப ஒப்புக்கொள்ள வேண்டிய அதிகாரி அம்மாளே அந்த லிப்டுக்குள்தான் மாட்டியிருந்தார். கதவை இரண்டு விரல் அகலத்துக்கு நெம்பினேன். உள்ளே யாரோ அழும் சத்தம். நீ டார்ச்சோடு அந்த இடுக்கில் வாயை வைத்து, "அழாதீங்க, எங்கப்பா வந்துட்டாங்க" என்று கத்தினாய். அதுவரை நான் லிப்ட்காரர்.

ஸ்பானர் கையிலிருந்து நழுவிக் குழிக்குள் விழுந்தது. அதை எடுக்கத்தான் ஒரு மணி நேரம் கூட ஆயிற்று. அந்த அம்மாள் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, "நீங்க எந்த விஷயமா வந்தீங்க?" என்று கேட்டார். "லிப்டப் பாக்கத்தாம்மா வந்தோம், நானும் என் பொண்ணும்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்றைத்தான் பெருமையாக வெளியில் சொல்லலாம்.

அதனால் உன் நாளை நீ அப்படியே வைத்துக்கொள். அது சந்தோஷமான நாள்தான்.

அப்பா

---

மே 31

அன்புள்ள அப்பா, அம்மா,

எல்லோரும் சுகம். அந்த வாத்தியார் புதுப் பல்செட் வாங்க வந்திருந்தார். பல் இல்லாததால் பேச்சைச் சீக்கிரம் முடித்தாராம், இதுவரை கிடைக்காத கைதட்டலாம். பொடிசுக்கு ஒரு பேனா கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்று கையெழுத்துப் போட அலுவலகம் போனோம். படி ஏற ஏற அவள் என் மூச்சையே கவனித்துக்கொண்டு வந்தாள். "வாங்குதா?" என்று மாடிக்கு மாடி கேட்டாள். "இன்னிக்கு வேற வேலையா வந்திருக்கோம், வாங்கல" என்றேன்.

ஒரே படிவம், இரண்டு பாகம். பிள்ளையைத் திருப்பி ஒப்படைப்பதானால் 'காரணம்' என்று போட்டு ஆறு கோடு இடம் விட்டிருக்கிறார்கள். வைத்துக்கொள்வதானால் காரணமே கேட்கவில்லை அப்பா. பெயரும் கையெழுத்தும் போதுமாம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மூன்று பேரும் வருகிறோம். வந்த அன்றே உங்கள் செருப்புகளை ஒரு தடவை ஆசை தீரப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகளும் மருமகனும்

*தாத்தா பாட்டி, நான் பொடிசு எழுதறேன். அந்தக் காகிதத்துல வாத்தியார் பேனாவால நானும் கையெழுத்துப் போட்டேன். என்னை யாரும் போடச் சொல்லல. ஆனா நானும் இவங்களை வச்சுக்கறேன்ல.*